எட்டு வராத நம்பர், கூட்டினால் ஒன்பது: நிபந்தனையோடு எண்களை எண்ணுவது எப்படி?

நாகர்கோவிலில் புது வண்டி எடுத்தவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விலை, மைலேஜ் எல்லாம் முடிந்ததும் பேச்சு நம்பரில் வந்து நிற்கும். டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களில்தான் ஆளுக்கொரு நிபந்தனை. "எட்டு வரக்கூடாது", "கூட்டினா ஒன்பது வரணும்", "நாலும் வேற வேறயா இருக்கணும்" என்பார்கள். கூடவே ஒரு மதிப்பீடும் வரும். "பத்து வண்டியில ஒண்ணுக்குத்தான் எட்டு வரும்" என்பார் ஒருவர். "ஒன்பது அமையறது ரொம்ப அபூர்வம்" என்பார் இன்னொருவர்.

எட்டு ஆகுமா, ஒன்பது ராசியா என்பது இங்கே பேச்சு இல்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் இரண்டு மதிப்பீடுகளும் கணக்குப்படி தவறு. எட்டு வரும் நம்பர்கள் பத்தில் ஒன்றைவிட மிக அதிகம். கூட்டினால் ஒன்பது வருவது மற்ற எதையும்விட அபூர்வமும் இல்லை, அதிகமும் இல்லை.

போட்டித் தேர்வுகளில் இதே கேள்விதான் வேறு வேஷத்தில் வருகிறது. "இலக்கங்கள் திரும்ப வராத நான்கிலக்க இரட்டை எண்கள் எத்தனை?" என்று கேட்டவுடன் பிள்ளைகள் வரிசைமாற்றமா சேர்வா, எந்தச் சூத்திரம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்: இந்த நிபந்தனை எண்ணின் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

எண் வேறு, இலக்கம் வேறு

0 முதல் 9 வரையுள்ள பத்துக் குறிகள் இலக்கங்கள். அவற்றை இடம் பார்த்து வரிசையாக வைத்தால் கிடைப்பது எண். 4752 என்பது ஓர் எண். 4, 7, 5, 2 அதன் இலக்கங்கள். 4 ஆயிரங்கள் இடத்திலும், 7 நூறுகள் இடத்திலும், 5 பத்துகள் இடத்திலும், 2 ஒன்றுகள் இடத்திலும் இருக்கின்றன. முழு எண் என்றால் பின்னமோ தசமமோ இல்லாத 0, 1, 2, 3 என்று போகும் எண்.

வண்டி நம்பருக்கும் நான்கிலக்க எண்ணுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பலகையில் 0745 என்று எழுதலாம். ஆனால் எண்ணாகப் பார்த்தால் அது வெறும் 745, மூன்றிலக்க எண். அதாவது பலகையில் முதல் இடத்தில் பூச்சியம் உட்காரலாம். நான்கிலக்க எண்ணில் உட்கார முடியாது. இது பார்க்கச் சின்ன விஷயம். விடை தவறுவதில் பாதி இங்கேதான் தவறுகிறது.

இடம் இடமாக நிரப்புதல்

ஒரு வரிசையில் 0001 முதல் 9999 வரை நம்பர்கள் வருகின்றன. இவற்றில் எட்டே வராதவை எத்தனை? ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டாம். நான்கு காலி இடங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் எட்டைத் தவிர எதுவும் வரலாம், ஆக 9 வழி. அந்த ஒன்பதில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த இடத்தில் 9 வழி. இரண்டு இடத்துக்கும் சேர்த்து 9 × 9 = 81. நான்கு இடத்துக்கும் 9 × 9 × 9 × 9 = 6561. இதில் 0000 என்பதும் சேர்ந்திருக்கிறது. அப்படி ஒரு நம்பர் கிடையாது. அதைக் கழித்தால் 6560.

இப்படி ஒவ்வொரு இடத்துக்குமான வழிகளைப் பெருக்குவதற்குப் பெருக்கல் கொள்கை என்று பெயர். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன் இடத்தில் எதைப் போட்டாலும் அடுத்த இடத்துக்கு மிஞ்சும் வழிகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. மாறினால் பெருக்க முடியாது. இதைப் பிறகு பார்ப்போம்.

இனி எட்டு வரும் நம்பர்கள்: 9999 − 6560 = 3439. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பத்தில் ஒன்று என்ற கணக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் சரி. இங்கே இருப்பது நான்கு இடங்கள், எட்டு எந்த இடத்தில் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

நேராக எண்ணிச் சரிபார்க்கலாம். எட்டு ஒரே ஒரு முறை வருபவை: இடத்தைத் தேர்ந்தெடுக்க 4 வழி, மற்ற மூன்று இடங்களுக்கு 9 × 9 × 9 = 729 வழி, ஆக 2916. இரண்டு முறை வருபவை: நான்கில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க 6 வழி, ஆக 6 × 81 = 486. மூன்று முறை 4 × 9 = 36. நான்கு முறையும் எட்டு என்றால் 8888 ஒன்றுதான். கூட்டினால் 2916 + 486 + 36 + 1 = 3439. இரண்டு பாதையும் ஒரே விடையில் வந்து சேர்கின்றன. ஆனாலும் முதல் பாதை எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். கேள்வியில் "குறைந்தது ஒன்றாவது" என்று வந்தால், வேண்டாததை எண்ணி மொத்தத்தில் கழிப்பதுதான் பெரும்பாலும் சுருக்கவழி.

இதுவரை: காலி இடங்களை வரைந்துகொள், ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை வழி என்று எழுது, பெருக்கு. "ஒன்றாவது" என்றால் மறுபக்கத்தை எண்ணிக் கழி.

பூச்சியம் செய்யும் வேலை

நான்கு இலக்கங்களும் வேறு வேறாக இருக்கும் வண்டி நம்பர்கள் எத்தனை? முதல் இடத்துக்கு 10 வழி. அதில் ஒன்று போய்விட்டதால் அடுத்த இடத்துக்கு 9, பிறகு 8, பிறகு 7. ஆக 10 × 9 × 8 × 7 = 5040. ஒரு வரிசையில் சரிபாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதாவது ஏதோ ஓர் இலக்கம் திரும்ப வரும் நம்பர்கள் கிட்டத்தட்ட பாதி. அவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இதையே வண்டி நம்பராக இல்லாமல் நான்கிலக்க எண்ணாகக் கேட்டால், முதல் இடத்தில் பூச்சியம் கூடாது. முதல் இடத்துக்கு 1 முதல் 9 வரை 9 வழி. அடுத்த இடத்துக்கும் 9 வழிதான், ஏனென்றால் ஓர் இலக்கம் போனாலும் பூச்சியம் வந்து சேர்கிறது. பிறகு 8, 7. ஆக 9 × 9 × 8 × 7 = 4536.

இந்த 4536-இல் இரட்டை எண்கள் எத்தனை? "பாதி, 2268" என்று வாய் தானாகச் சொல்லும். எண்ணிப் பார்ப்போம். இரட்டை என்ற நிபந்தனை பிடித்திருப்பது கடைசி இடத்தை. பூச்சியம் கூடாது என்பது பிடித்திருப்பது முதல் இடத்தை. கடைசி இடத்தில் பூச்சியத்தைப் போட்டுவிட்டால் முதல் இடத்துக்கு 9 வழி கிடைக்கிறது. கடைசி இடத்தில் 2 போட்டால் முதல் இடத்தில் பூச்சியமும் கூடாது, 2-உம் கூடாது, 8 வழிதான். முன்னால் சொன்ன கட்டுப்பாடு இங்கே உடைகிறது. அதனால் இரண்டு வகையாகப் பிரித்து எண்ண வேண்டும்.

கடைசி இலக்கம் 0 என்றால் மற்ற மூன்று இடங்களுக்கு 9 × 8 × 7 = 504. கடைசி இலக்கம் 2, 4, 6, 8-இல் ஒன்று என்றால் அதற்கு 4 வழி, முதல் இடத்துக்கு 8, நடுவில் 8, 7. ஆக 4 × 8 × 8 × 7 = 1792. மொத்தம் 2296.

ஒற்றை எண்கள் 5 × 8 × 8 × 7 = 2240. இரண்டையும் கூட்டினால் 4536, சரியாக வருகிறது. இரட்டை எண்கள் ஒற்றையைவிட 56 அதிகம்! இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பூச்சியம் முதல் இடத்தில் வர முடியாததால் மற்ற மூன்று இடங்களில் அதற்குப் பங்கு கூடுகிறது. கடைசி இடத்திலும் கூடுகிறது. பூச்சியம் இரட்டை எண்களின் பக்கம். அந்தச் சாய்வுதான் இந்த 56.

வகுபடுதல் எந்த இடத்தில் இருக்கிறது?

ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுக்கும்போது கடைசியில் மிஞ்சுவது மீதி. மீதி பூச்சியம் என்றால் வகுபடும் என்கிறோம். இரட்டையா இல்லையா என்பதற்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஒன்பதுக்கோ எல்லா இலக்கங்களையும் கூட்டவேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. காரணம் தெரிந்தால்தான் எண்ணவும் வரும்.

விளையில், அதாவது தென்னந்தோப்பில், தேங்காய் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 4752. ஆயிரம் ஆயிரமாகவும், நூறு நூறாகவும், பத்துப் பத்தாகவும் குவித்து, மிச்சத்தை உதிரியாக வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சாக்குக்கு 9 வீதம் கட்டவேண்டும். பத்துக் காய்க் குவியலில் 9 போனால் 1 மிஞ்சும். நூறு காய்க் குவியலில் 99 போனாலும் 1தான் மிஞ்சும். ஆயிரத்தில் 999 போனாலும் 1தான். ஆக நான்கு ஆயிரங்களில் 4 காய், ஏழு நூறுகளில் 7 காய், ஐந்து பத்துகளில் 5 காய், உதிரியாக 2 காய். மிஞ்சியவை 4 + 7 + 5 + 2 = 18. அதுவும் இரண்டு சாக்காகக் கட்டப்பட்டுவிடும். மிச்சம் இல்லை, 4752 ஒன்பதால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டுவது என்பது வேறொன்றும் இல்லை, ஒவ்வொரு குவியலிலும் மிஞ்சிய காய்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான். மூன்றுக்கும் இதே காரணம், இதே விதி.

சாக்குக்கு 2 வீதமோ 5 வீதமோ கட்டினால் பத்து, நூறு, ஆயிரம் எதிலும் ஒரு காய்கூட மிஞ்சாது. உதிரிக் காய் மட்டும்தான் தீர்மானிக்கும். அதனால்தான் 2, 5, 10 மூன்றுக்கும் கடைசி இலக்கம் போதும். நாலுக்கு நூறில் மிச்சம் இல்லை, பத்தில் உண்டு. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்கள்.

சுருக்கமாக: 2, 5, 10 கடைசி இடத்தைப் பிடிக்கின்றன, 4 கடைசி இரண்டு இடங்களை, 3, 9 எல்லா இடங்களையும் சேர்த்து. 7-க்கு இப்படி எளிய இடம் இல்லை. நேராக வகுத்துத்தான் எண்ணவேண்டும்.

கூட்டினால் ஒன்பது

இனி வண்டி நம்பருக்குத் திரும்பலாம். 4752-ஐக் கூட்டினால் 18. அதையும் கூட்டினால் 9. ஓரிலக்கம் வரும்வரை இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதில் முடிபவை எல்லாம் ஒன்பதின் மடங்குகளே. 0001 முதல் 9999 வரை அப்படி 9999 ÷ 9 = 1111. கூட்டினால் 1 வருபவையும் 1111, 2 வருபவையும் 1111, 8 வருபவையும் அதே 1111. எல்லாவற்றுக்கும் சமபங்கு.

அப்படியானால் "அபூர்வம்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? முதல் கூட்டலிலேயே 9 வரவேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். அவை உண்மையிலேயே குறைவு. எண்ணலாம். முதல் இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகை 0 என்றால் ஒரே வழி (00). 1 என்றால் 2 வழி (01, 10). 2 என்றால் 3 வழி. இப்படி 9 என்றால் 10 வழி. முதல் இரண்டும் சேர்ந்து 0 ஆனால் அடுத்த இரண்டும் சேர்ந்து 9 ஆகவேண்டும்: 1 × 10. முதல் இரண்டு 1 என்றால் அடுத்தது 8: 2 × 9. இப்படியே எழுதினால்

10 + 18 + 24 + 28 + 30 + 30 + 28 + 24 + 18 + 10 = 220.

கூட்டுத்தொகை 27 வருபவையும் 220. ஏனென்றால் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்து எழுதினால், கூட்டுத்தொகை 9 உள்ள நம்பர் 27 உள்ளதாக மாறும். 2340 என்பது 7659 ஆகும். ஒன்றுக்கு ஒன்று ஜோடி. 36 வருவது 9999 மட்டும். ஆக 1111-இல் மிஞ்சுவது 1111 − 220 − 220 − 1 = 670. இந்த 670-உம் கூட்டுத்தொகை 18 உள்ளவை. கூட்டினால் ஒன்பது என்று ஒருவர் வைத்திருக்கும் நம்பர் பெரும்பாலும் பதினெட்டு வழியாக ஒன்பதுக்கு வந்ததுதான்.

இரண்டு நிபந்தனை ஒரே நேரத்தில்

எட்டும் வரக்கூடாது, ஐந்தால் வகுபடவும் வேண்டும். எத்தனை? எட்டு இல்லாதவை 6560, அதில் ஐந்தில் ஒரு பங்கு 1312 என்று போட்டுவிட்டால் தவறு. கடைசி இடத்தில் 0 அல்லது 5, இரண்டு வழி. மற்ற மூன்று இடங்களுக்கு 9 × 9 × 9. ஆக 729 × 2 = 1458, 0000 போக 1457. எட்டைத் தடுத்தது 0-ஐயும் 5-ஐயும் தொடவே இல்லை. அதனால் ஐந்தின் மடங்குகளுக்குப் பங்கு கூடிவிட்டது.

எட்டு இல்லாத இரட்டை நம்பர்கள் என்றால் கதை தலைகீழ். கடைசி இடத்தில் 0, 2, 4, 6 மட்டும்: 729 × 4 − 1 = 2915. பாதி என்று பார்த்தால் 3280 வந்திருக்கும். எட்டே ஓர் இரட்டை இலக்கம் என்பதால் அடி அங்கே விழுகிறது. இரண்டு நிபந்தனைகள் ஒரே இடத்தில் மோதும்போது பங்கு போட்டுப் பெருக்குவது நம்பத்தக்கதல்ல.

மூன்றால் வகுபட வேண்டும் என்றால் எல்லா இடங்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இங்கே இலக்கங்களை மீதிப்படி பிரிக்கவேண்டும். எட்டைத் தவிர்த்தால் மீதி 0 தருபவை 0, 3, 6, 9 என நான்கு. மீதி 1 தருபவை 1, 4, 7 என மூன்று. மீதி 2 தருபவை 2, 5 என இரண்டு. முதலில் இரண்டு இலக்க ஜோடியை எண்ணுங்கள். ஜோடியின் மீதி 0 ஆக 4 × 4 + 3 × 2 + 2 × 3 = 28 வழி. மீதி 1 ஆக 4 × 3 + 3 × 4 + 2 × 2 = 28. மீதி 2 ஆக 4 × 2 + 2 × 4 + 3 × 3 = 25. மொத்தம் 81, சரி. இப்போது இரண்டு ஜோடிகளைச் சேர்த்து மீதி 0 வரவேண்டும்: 28 × 28 + 28 × 25 + 25 × 28 = 2184. 0000 போக 2183. பொறுமையாகச் செய்தால் இதைவிடப் பெரிய கணக்குகளும் இந்த வழிக்கு மடங்கும்.

"அல்லது" வந்தால், "முதல் வரை" வந்தால்

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதிகாரத்துக்கு ஓர் அடி. அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறள்கள். இந்தக் குறள் எண்களில் 7-ஆல் அல்லது 10-ஆல் வகுபடுபவை எத்தனை? 7-இன் மடங்குகள் 190. 10-இன் மடங்குகள் 133. ஒவ்வோர் அதிகாரத்தின் கடைசிக் குறளும் அதில் வந்துவிடும். இரண்டையும் கூட்டி 323 என்று நிறுத்திவிடக் கூடாது. 70, 140, 210 போன்றவை இரண்டு பட்டியலிலும் இருப்பதால் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன. 70-இன் மடங்குகள் 19. அதை ஒரு முறை கழித்தால் 304.

பொருட்பால் 381-ஆம் குறள் முதல் 1080 வரை. அதில் எத்தனை குறள்? 1080 − 381 = 699 என்பது தவறு, 381-ஆம் குறளும் சேர்ந்தது என்பதால் 700. இந்த 700-இல் 9-ஆல் வகுபடும் எண்கள்? 700-ஐ 9-ஆல் வகுத்து 77 என்று சொல்லிவிட முடியாது. 1080 வரை 120 மடங்குகள். 380 வரை 42. வித்தியாசம் 78. எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். அதனால் மேல் எல்லை வரை எண்ணி, தொடங்கும் எண்ணுக்கு முந்தைய எண் வரை எண்ணிக் கழிப்பதே பத்திரம்.

எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பின்கோடுகள் 629 என்று தொடங்கும். 629000 முதல் 629999 வரை 9-ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? முதல் மூன்று இலக்கங்களைக் கூட்டினால் 6 + 2 + 9 = 17; 9-ஆல் வகுத்தால் மீதி 8. எனவே கடைசி மூன்று இலக்கங்களின் பங்கில் மீதி 1 வரவேண்டும். 001, 010, 019 என்று ஒன்பது ஒன்பதாக ஏறி 991 வரை. 001-க்குப் பிறகு 110 படிகள், ஆக 111 எண்கள். முதலாவது 629001, நாகர்கோவிலின் பின்கோடு. கன்னியாகுமரியின் 629702 இதில் வராது. கூட்டினால் 26, மீதி 8.

இந்த 111-இல் இரட்டை எண்கள்? ஒன்பது ஒற்றை எண் என்பதால் ஒவ்வொரு படியிலும் ஒற்றை, இரட்டை மாறி மாறி வரும். முதல் எண் 629001 ஒற்றை, கடைசி எண் 629991-உம் ஒற்றை. ஆகவே ஒற்றை 56, இரட்டை 55.